மேற்படி இருவரும் ஒருவரே

முத்தையன்கட்டு இடதுகரையில் வசிக்கும்
கதிர்காமு மகள் ஆகிய நான்
சத்தியம் செய்து சொல்வதாவது:

பிறப்புப் பத்திரத்தில் தையல்முத்து.
அடையாள அட்டையில் தயிலமுத்து.
காணிக் கந்தோரில்
இரண்டு பெண்களைக் கண்டுவிட்டார்கள்.
அரை ஏக்கர் மேட்டுக்காணி
எவளுக்கு என்று கேட்கிறார்கள்.

காரணம் எழுத
மூன்று வரி இடம் விட்டிருக்கிறீர்கள்.
மூன்று வரி காணாது, ஐயா.

நான் வயிற்றில் ஏழு மாதம்.
அம்மாவுக்கு உடம்பெல்லாம் முத்து.
கொப்புளம் என்று சொல்லக்கூடாது,
அம்மாள் வந்து இறைத்துவிட்டுப் போன முத்து.
அப்பா வேப்பிலை ஒடித்த கையோடு
வண்ணார்பண்ணைத் தையல்நாயகிக்கு நேர்ந்தார்:
இரண்டு உயிரும் தப்பினால்
பிள்ளையின் பெயரில் பாதி உனக்கு,
பாதி வருத்தத்துக்கு.
கடன்காரர் இருவரையும்
ஒரே நாளில் கூப்பிட்டுப் பேசினதுபோல.

முத்து இறங்கியது.
ஆவணியில் பிறந்தேன்.
தை மாதமோ என்று கேட்காத ஆளில்லை.

தையல் என்றால் பெண் என்று
தமிழ் ரீச்சர் சொன்னா. அழகு என்றும் சொன்னா.
பெடியள் ஊசி நூல் என்றாங்கள்.
காலில் முள்ளுத் தைத்த அன்று
நானே ஒன்று கண்டுபிடித்தேன்:
கூரான ஏதோ முதலில் உள்ளே போகிறது.
அழகு, பெண், மற்றதெல்லாம்
அதற்குப் பிறகு வந்த அர்த்தம்.

மாத்தளன் பள்ளிக்கூடத்தில்
தோளில் தைத்த இரும்பை எடுத்து
விறைப்பு மருந்தில்லாமல் பதினொன்று போட்ட தாதி
துண்டில் எழுதினா:
பெயர் தையல்முத்து. தையல் பதினொன்று.
எழுதிவிட்டு இரண்டையும் பார்த்தா.
எனக்குச் சிரிப்பு வந்தது,
அந்த இடத்தில், ஐயா, சிரிப்பு.
சிரியாதை பிள்ளை, அறுந்துபோகும்
என்று வாயைப் பொத்தினா.
அவவின் பெயரை நான் கேட்கவில்லை.

பழைய அட்டை கடல்நீரேரியில் போயிற்று.
முகாமில் பெயர் பதிந்தவருக்குத் தமிழ் தெரியாது.
அவர் மொழி எனக்குத் தெரியாது.
மூன்று தரம் சொன்னேன்,
ஒவ்வொரு தரமும் இன்னும் மெதுவாக.
அந்த மெதுவில்தான் தை உடைந்து
தயி ஆகியிருக்கும்.
பிழை என்னுடையதும்தான். அதையும் எழுதுங்கோ.

இப்போது கிளிநொச்சிச் சட்டைக் கொம்பனியில்
மூன்றாம் வரிசை, கொலர்.
மேற்பார்வைப் பெடியன் அட்டையைப் பார்த்து
தயிலம் அக்கா என்பான்.
மெசினுக்கு எண்ணெய் விடுவதும் நான்தான்.

போன ஆடியில்
அப்பாவின் நேர்த்தியைத் தீர்க்கப் போனேன்,
முப்பத்தெட்டு வருடக் கடன்.
அம்பாளின் பெயருக்கு என்ன கருத்து என்று
ஐயரைக் கேட்டேன்.
நோய்க்காரருக்கு மருந்தெண்ணெய்
ஏந்தி வந்தவள்.
தைலநாயகிதான் நாக்கில் உருண்டு
தையல்நாயகி ஆனாள் என்று சொல்வாரும் உண்டு.
உண்மையோ, ஐயா?
சொல்லுவினம் என்றார்.
மணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வெளிவீதியில் நின்று அட்டையை எடுத்துப் பார்த்தேன்.
தமிழ் தெரியாத ஒருவர்
பிழையாய்த் தோண்டி
வேரில் மண்வெட்டியைப் போட்டிருக்கிறார்.

ஆனபடியால்
அட்டையும் திருத்தவேண்டாம்,
பத்திரமும் திருத்தவேண்டாம்.
காணியில் ஒரு பாலைமரமும்
தூர்ந்த கிணறும் உண்டு.
கிணறு இறைக்க ஆள் பேசியாயிற்று.

கையொப்பம் எந்தப் பெயரில் என்கிறீர்கள்.
பெருவிரல் வைக்கிறேன்.
நடுவில் ஊசி ஏறி ஆறின இடம்
மை பிடிக்காது,
ஒரு புள்ளி வெள்ளையாய் விழும்.
அதைப் பிழை என்று
கடதாசியை மாற்றிப்போடாதேங்கோ.